ஜப்பானில் ரயில் பார்க்கப் போகிறவருக்கு

முதல் முறையாக ஜப்பான் போகிறேன், ரயில் என்றால் உயிர், ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஏறுவதைத் தவிர அங்கே வேறென்ன இருக்கிறது, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தமாக ஒசாகாவில் இருந்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ரயில் பார்க்கக் கிளம்பியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஷின்கான்செனில் கட்டாயம் ஏறுங்கள். ஆனால் ஜப்பானை ரயில் நாடாக்கியது 1067 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதைதான். நாம் சின்ன வயதில் பார்த்த மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம். அந்தப் பாதையின் போதாமையைச் சமாளிக்கப் போய்த்தான் அங்குள்ள பல அதிசயங்கள் பிறந்தன, ஷின்கான்சென் உட்பட. இதைத் தெரிந்துகொண்டு போனால் சாதாரண உள்ளூர் ரயிலிலும் பார்க்க ஆயிரம் விஷயம் கிடைக்கும்.

1872 அக்டோபரில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே 29 கிலோமீட்டர் தூரத்துக்கு முதல் ரயில் ஓடியது. தலைமைப் பொறியாளராக வந்த ஆங்கிலேயர் எட்மண்ட் மோரல் திறப்பு விழாவுக்கு முன்பே இறந்துபோனார். மலை அதிகம், பணம் குறைவு, சீக்கிரம் போட வேண்டும் என்ற நிலையில் தேர்ந்தெடுத்த அகலம் அது. பிறகு நாடு வளர்ந்ததும் பாதை போதவில்லை. 1910களில் எல்லாவற்றையும் 1435 மில்லிமீட்டருக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு தரப்பு வாதாடியது. இருக்கும் காசில் ரயிலே பார்க்காத ஊர்களுக்குப் புதுப்பாதை போடுவோம் என்றது அரசியல் தரப்பு. ஊர்கள் ஜெயித்தன. அகலப்படுத்தச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஷிமா யாசுஜிரோ என்ற பொறியாளர். அவருடைய மகன் ஷிமா ஹிதேயோதான் பின்னாளில் ஷின்கான்செனின் தலைமைப் பொறியாளர் ஆனார். அப்பா கேட்ட அகலத்தை மகன் போட்டார்.

நடுவில் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. கனமான எஞ்சின் ஓடினால் தாங்காத மெல்லிய பாதை, இளகிய மண், வளைவுகள், அடுத்தடுத்து நிலையங்கள். இதற்கு விடையாக ஜப்பானியர்கள் எஞ்சினையே விட்டுவிட்டு, மோட்டார்களைப் பெட்டிகளுக்கு அடியில் பிரித்துப் பொருத்தினார்கள். எடை பரவும், சட்டென்று வேகமெடுக்கும், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றித் திருப்பும் வேலையும் இல்லை. நம் ஊர் மின்சார ரயிலில் இருக்கும் அதே அமைப்புதான், ஆனால் அதை நீண்டதூர விரைவு ரயிலுக்கும் கொண்டுபோனார்கள். 1957இல் ஒடாக்கியூ நிறுவனத்தின் 3000 வகை ரயில் குறுகிய பாதையில் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தொட்டது. 1958இல் வந்த 'கொதாமா' டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 6 மணி 50 நிமிடத்தில் போனது. அந்த அனுபவத்தை அகலமான புதுப்பாதைக்கு மாற்றியதுதான் 1964 அக்டோபர் 1ஆம் தேதி திறந்த டோகைடோ ஷின்கான்சென். செலவு கணக்கு மீறிப்போனதால் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜியும் ஷிமா ஹிதேயோவும் அதற்கு முந்தைய ஆண்டே பதவி விலகியிருந்தார்கள். ரிப்பன் வெட்டும்போது இருவருமே அங்கே இல்லை. அந்த ரயிலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இது எனக்கு வருத்தம் தரும்.

நம் ஊரோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1960களின் நடுவில் சென்னை கடற்கரை–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதைக்கு வந்த யாம்-1 மின்சார எஞ்சின்கள் ஜப்பானில் செய்து கப்பலில் வந்தவை. குறுகிய தண்டவாளத்துக்கு வலுவான மின்சார எஞ்சின் செய்யும் கைப்பழக்கம் அவர்களிடம் இருந்தது.

சரி, இடங்களுக்கு வருவோம்.

ஒரே இடத்தில் நின்று நிறையப் பார்க்க வேண்டுமென்றால் ஒடவாரா. டோக்கியோவுக்குத் தென்மேற்கே இருக்கும் அந்த நிலையத்தில் ஷின்கான்சென், பழைய டோகைடோ பாதை, ஒடாக்கியூ, ஹக்கோனே மலைப்பாதை, தையூசான் என்ற சின்னக் கிளைப்பாதை எல்லாம் கூடுகின்றன. ஷின்கான்சென் பிளாட்பாரத்துக்கு உள்ளே போக நுழைவுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். எல்லா நிலையங்களிலும் நிற்கும் கொதாமா (பழைய பெயர்தான், இப்போது ஷின்கான்செனில்) ஓரத்து லைனில் ஒதுங்கி நிற்க, நடு லைனில் மிக வேகமான நோசோமி நிற்காமல் பாய்ந்து போகும். 2020 கால அட்டவணையிலேயே உச்ச நேரத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 12 நோசோமி வரை ஓட்ட முடிந்தது. சில நிலையங்களில் நிற்கும் ஹிக்காரியும் கொதாமாவும் தனி. டோக்கியோ நிலையத்தில் இவை அத்தனைக்கும் சேர்த்து இருப்பது 6 லைன்கள்தான். நின்று பார்த்தால்தான் அந்த நெருக்கம் புரியும்.

அங்கிருந்து ஹக்கோனே மலைப்பாதைக்குப் போங்கள். யுமோட்டோவிலிருந்து கோரா வரை 8.9 கிலோமீட்டர், 1919இல் திறந்தது. இதன் ஏற்றம் ஆயிரத்துக்கு 80, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 80 மீட்டர். நீலகிரி மலை ரயிலின் மிகச் செங்குத்தான ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு 83 சொச்சம். அதை நாம் பற்சக்கரம் வைத்து ஏறுகிறோம். ஹக்கோனேயில் பற்சக்கரமே கிடையாது, சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிமானம் மட்டும்தான். வளைவுகள் 30 மீட்டர் ஆரம் வரை இறுகுகின்றன. அத்தனை சின்ன வளைவில் உராய்வைக் குறைக்க எண்ணெய் தடவ முடியாது, தடவினால் ஏற்றத்தில் வழுக்கும். அதனால் பெட்டியிலேயே தண்ணீர்த் தொட்டி வைத்து, வளைவில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறார்கள். மூன்று இடங்களில் ரயில் நின்று, திசை மாறி, இசட் எழுத்துப்போல் ஏறும். ஒவ்வொரு முறையும் ஓட்டுநரும் கார்டும் பெட்டி வழியாகவோ பிளாட்பாரத்திலோ நடந்து இடம் மாறிக்கொள்வார்கள். முன் பெட்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் நில்லுங்கள், உட்கார வேண்டாம். நீலகிரியின் ஆப்ட் முறைப் பற்சக்கரத்தை ஜப்பானிலும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ஷிசுவோக்கா பக்கம் ஓய்கவா ரயில்வேயின் இக்காவா பாதை இருக்கிறது. அணை கட்டியதால் பழைய பாதை மூழ்க, 1990இல் ஆயிரத்துக்கு 90 ஏற்றத்தில் புதுப்பாதை போட்டு, ஆப்ட் பற்சட்டம் பதித்தார்கள்.

அடுத்தது குவானா. நாகோயாவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுற்றுலா வழிகாட்டிகளில் இந்த ஊரை யாரும் ரயிலுக்காகச் சொல்வதில்லை, எனக்கோ ஜப்பான் முழுவதிலும் மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று ரயில்வே கேட்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவதில் 762 மில்லிமீட்டர் பாதை, நம் கால்கா–சிம்லா ரயிலின் அகலம், சான்கி நிறுவனத்தின் ஹொக்குசெய் லைன். அடுத்தது ஜே.ஆரின் (பழைய தேசிய ரயில்வேயிலிருந்து பிரிந்த கம்பெனிகள்) 1067. அதற்கடுத்தது கிந்தெத்சு என்ற தனியார் கம்பெனியின் 1435. தெருவைக் கடந்து நடந்தாலே மூன்று அகலங்களையும் மிதித்துவிடலாம். மூன்றிலும் பயணி ரயில்கள் தினமும் ஓடுகின்றன, எதுவும் காட்சிப் பொருள் இல்லை.

கிந்தெத்சுவின் இந்த நாகோயா பாதை முன்பு 1067ஆகத்தான் இருந்தது. ஒசாகா பக்கப் பாதையோ 1435. நடுவழியில் எல்லோரும் ரயில் மாற வேண்டும். அகலப்படுத்தத் திட்டம் தயாராக இருந்தபோது 1959 செப்டம்பர் 26ஆம் தேதி இசே வளைகுடாப் புயல் வந்தது. பாதை நாசமானது. எப்படியும் திரும்பப் போடத்தானே வேண்டும் என்று, பழைய அகலத்தில் சீரமைக்காமல், திட்டத்தை முன்னுக்கு இழுத்து அந்த நவம்பருக்குள் 1435ஆகவே போட்டு முடித்துவிட்டார்கள். அதே 1959இல் டோக்கியோவில் கெய்செய் நிறுவனமும் தன் 1372 மில்லிமீட்டர் பாதையை முழுவதுமாக 1435க்கு மாற்றியது. மறு ஆண்டு திறக்கவிருந்த சுரங்க ரயிலோடு, இன்றைய அசாகுசா லைனோடு, தன் ரயில்கள் நேராக உள்ளே போய்வர வேண்டும் என்பதற்காக. 1372 என்ற அந்த விசித்திர அகலம் டோக்கியோவின் பழைய குதிரை டிராம் காலத்துச் சொத்து. கெய்யோ லைனில் இன்னும் அதுவே இருக்கிறது.

நேராக உள்ளே போய்வருவது என்றேனே, அது டோக்கியோவில் கட்டாயம் கவனிக்க வேண்டியது. மெட்ரோ ரயில் சுரங்கத்தின் கடைசி நிலையத்தோடு நிற்காமல் தனியார் கம்பெனியின் பாதையில் ஏறி புறநகர் வரை போகும், அவர்கள் ரயில் மெட்ரோவுக்குள் வரும். 2013 மார்ச்சிலிருந்து யோகோஹாமாவின் துறைமுகப் பக்கத்தில் ஏறி, மினாட்டோமிராய், தோக்கியூ, டோக்கியோ மெட்ரோ என்று போய், பிறகு செய்பு அல்லது தோபு பாதையில் சைத்தாமா வரை, ஒரே ரயிலில் உட்கார்ந்தபடியே போகலாம். பெரும்பாலான எல்லைகளில் ஓட்டுநர் மாறுவார், பயணிக்கு ஒன்றும் தெரியாது. நாகாமெகுரோ பிளாட்பாரத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால் எத்தனை கம்பெனிகளின் பெட்டிகள் வருகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒசாகாவில் ஹான்கியூவின் உமேடா நிலையம். ஒன்பது லைன்கள், எல்லாம் அங்கேயே முடிகிற முட்டு லைன்கள். கோபே, தக்காரசூக்கா, கியோட்டோ என மூன்று திசைக்கும் போகும் ரயில்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, ஆறு தண்டவாள லைன்கள் இணையாக ஓட, யோதோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜூசோ வரை பக்கம் பக்கமாகப் போகும். மூன்றுமே கருஞ்சிவப்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஜூசோ பிளாட்பாரத்தின் உமேடா பக்க முனையில் நின்றால் மூன்றும் உங்களை நோக்கி வரும். ஜப்பானில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். இந்தக் கம்பெனியை வளர்த்த கோபயாஷி இச்சிசோவின் யோசனைதான் அந்நாட்டுத் தனியார் ரயில்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 1910இல் பாதை போட்டபோது வழியில் பெரிய ஊர் எதுவும் இல்லை. அதனால் பாதையோரம் நிலம் வாங்கி, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். மறுமுனையில் 1914இல் தக்காரசூக்கா பெண்கள் நாடகக் குழுவை மேடையேற்றினார், இந்த முனையில் 1929இல் பெரிய அங்காடியைத் திறந்தார். காலையில் வேலைக்கு ஒரு பக்கம், மாலையில் பொழுதுபோக்குக்கு மறுபக்கம். ரயில் எந்தத் திசையிலும் காலியாக ஓடாது.

மின்சாரமும் ஒரு தனிக் கதை. 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. அதனால் இன்றுவரை கிழக்கு ஜப்பான் 50 ஹெர்ட்ஸ், மேற்கு 60. டோகைடோ ஷின்கான்சென் இரண்டு பக்கமும் போவதால், கிழக்குப் பகுதியில் 50ஐ 60 ஆக்கும் மின் நிலையங்கள் வைத்து முழுப்பாதைக்கும் 60 கொடுக்கிறார்கள். டோக்கியோவுக்கு வடகிழக்கே ஜோபான் பாதையில் இன்னொரு புதுமை. தோரிதே நிலையம் வரை 1500 வோல்ட் நேர்மின்சாரம், தாண்டியதும் 20,000 வோல்ட் மாறுமின்சாரம். காரணம் காக்கியோக்கா என்ற இடத்தில் இருக்கும் புவிக்காந்த ஆய்வகம். நேர்மின்சாரம் தண்டவாளம் வழியாக மண்ணில் கசிந்தால் அங்கே பூமியின் காந்தப்புலத்தை அளக்க முடியாது. அந்த ஆய்வகம் 1913இல் டோக்கியோவிலிருந்து அங்கே போனதே நகரத்தின் மின்சார டிராம்கள் கெடுத்ததால்தான். தோரிதேவுக்கும் புஜிஷிரோவுக்கும் நடுவே மின்சாரமே இல்லாத துண்டில் ரயில் சும்மா உருண்டு போகும். பழைய பெட்டிகளில் அங்கே விளக்கு அணையும், இப்போதுள்ளவற்றில் ஏசி சற்று நிற்பதோடு சரி. தோரிதேயில் இறங்கி கான்தோ ரயில்வேயின் ஜோசோ லைனையும் பாருங்கள். டோக்கியோவை ஒட்டிய புறநகரில், இரட்டைப் பாதையில், டீசல் பெட்டி ஓடும். அதற்கும் காரணம் அதே ஆய்வகம்தான்.

நேரந்தவறாமை பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலையும் விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வதைப் பார்ப்பீர்கள். அது சடங்கு இல்லை. 1994இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் சோதித்தபோது, சும்மா பார்த்துச் செய்வதைவிட, காட்டிச் சொல்லிச் செய்தால் தவறுகள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. ஆனால் நேரத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு வருவது சரியில்லை. 2005 ஏப்ரல் 25 அன்று ஒசாகாவுக்கு அருகே அமகாசாக்கியில், ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தை ஈடுகட்ட விரைந்த ரயில், 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116இல் நுழைந்து, தடம் புரண்டு, அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தார்கள். தாமதம் செய்த ஓட்டுநர்களுக்கு மறுபயிற்சி என்ற பெயரில் நடந்த அவமானப்படுத்தலும், அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாததும் விசாரணையில் பேசப்பட்டன. அந்த இடத்தில் இப்போது நினைவிடம் இருக்கிறது. ஒசாகா போகும் ரயில் ஆர்வலர் ஒருமுறையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

கிராமப்புறம் போக நேரம் இருந்தால் சீக்கிரம் போங்கள், பாதைகள் மூடிக்கொண்டே வருகின்றன. ஹொக்கைடோதான் மோசம். 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது, ஆள் குறைந்த ஹொக்கைடோவின் நஷ்டத்தை ஒரு நிதியின் வட்டியில் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1990களில் வட்டி விகிதம் விழுந்தது, கணக்கும் விழுந்தது. 2015இல் கடல் அரித்த ஹிதாக்கா பாதையின் முக்காவா–சமானி பகுதி சீரமைக்கப்படாமலேயே 2021இல் மூடப்பட்டது. புரானோ–ஷின்தோக்கு பகுதி 2024 மார்ச்சோடு போயிற்று. வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுமே, ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் ஓட்டினார்கள் என்று, அது இந்தத் தீவில்தான். அந்த நிலையம் க்யூ-ஷிராத்தாக்கி, 2016 மார்ச்சில் மூடப்பட்டது. மாணவி உண்மை. ஆனால் ரயில் அவருக்காக விட்டது இல்லை, வழக்கமாகப் பல ஊர்களுக்கும் போகிற ரயில் அங்கே நின்றது. ஜே.ஆர். கால அட்டவணை மாறுவதும் மார்ச்சில், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில், அதனால்தான் இரண்டும் ஒத்துப்போயின.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2011 மார்ச் 11 சுனாமி வடகிழக்குக் கடற்கரையின் சான்ரிக்கு ரயில்வேயைச் சிதைத்தபோது, தப்பிய ஒரு துண்டில் ஐந்தே நாளில் ரயில் ஓட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை வெள்ளத்தில் பாலங்கள் போன தாதாமி பாதை 2022 அக்டோபர் 1ஆம் தேதி முழுதாகத் திரும்பியது. சேதமான பகுதியில் தண்டவாளம் புகுஷிமா மாகாணத்துடையது, ரயில் மட்டும் ஜே.ஆருடையது என்று ஏற்பாடு. அங்கே நாளுக்கு மூன்று நடைதான், தவறவிட்டால் அரைநாள் போய்விடும். இலையுதிர் காலத்தில் ஆற்றின் மேல் முதல் பாலத்தைக் கடக்கும் இரண்டு பெட்டி டீசல் ரயிலைப் படமெடுக்கப் பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயணிகள் ஜே.ஆர். ரயில்களில் விருப்பம்போல் ஏற வாங்கும் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது, 7 நாளுக்கு. நிறைய ஷின்கான்சென் பயணம் இல்லையென்றால் கட்டாது. பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்கும் 'செய்ஷுன் 18' சீட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், வயது வரம்பில்லை. 5 நாளுக்கு 12,050 யென், ஜே.ஆரின் உள்ளூர் ரயில்களில் மட்டும் செல்லும். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. படமெடுக்கும்போது ஓட்டுநரை நோக்கி பிளாஷ் அடிக்கக் கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. இதில் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

வழி என்று கேட்டால், ஒசாகாவில் இறங்கி ஜூசோவில் தொடங்குங்கள். பிறகு கிந்தெத்சுவில் குவானா, அங்கிருந்து கிழக்கே ஒடவாரா, ஹக்கோனே, டோக்கியோ, ஜோபான். திரும்பும்போது டோக்கியோவிலிருந்து இரவில் கிளம்பும் சன்ரைஸில் ஏறுங்கள். ஜப்பானில் தினமும் ஓடும் தூங்கும் வசதி ரயில் அது ஒன்றுதான் மிச்சம், 1998இல் வந்த பெட்டிகள், அதுவும் எஞ்சின் இல்லாத, மோட்டார் பரவிய ரயில். ஒக்காயாமாவில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கடற்பாலம் தாண்டி ஷிக்கோக்குவுக்கும் மற்றொன்று இசுமோவுக்கும் போகும். நீங்கள் அதற்கு முன்பே விடியற்காலையில் ஹிமேஜியில் இறங்கி ஒசாகாவுக்குத் திரும்பலாம். சீட்டு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். அன்றே போட்டுவிடுங்கள், நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது.